இலையும் சொல்லும் – 17: பதினோரு மணிப் பசி

பதினொன்றே கால் மணிக்கு நம் ஊர்ச் சைவ ஹோட்டல் ஒன்றில் நுழைந்து பாருங்கள். காலை டிபன் கடை கட்டியாகியிருக்கும். கல்லைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு மாஸ்டர் வெளியே காற்று வாங்கப் போயிருப்பார். சாம்பார் வாளிகள் கழுவுமிடத்தில் கவிழ்ந்து கிடக்கும். மூலை மேஜையில் ஒருவர் வாழையிலையை அளவாக நறுக்கி அடுக்கிக்கொண்டிருப்பார். ‘மீல்ஸ் ரெடி’ பலகை சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும். நீங்கள் உட்கார்ந்ததும் சர்வர் வருவார். தண்ணீர் டம்ளரை வைக்கும்போதே பதிலும் வந்துவிடும்: “டிபன் முடிஞ்சிருச்சு சார். சாப்பாடு பன்னெண்டுக்குத்தான். காபி வேணா சொல்லட்டுமா?”

பசியோடு போனவனுக்கு அந்த முக்கால் மணி நேரம் ஒரு யுகம். நாம் காபியைக் குடித்துவிட்டுச் சமாளித்துக்கொள்கிறோம். இங்கிலாந்தில் ஒருவர் சும்மா இருக்காமல் அந்த இடைவெளிக்குப் பெயர் வைத்துவிட்டார்.

அவர் பெயர் கை பெரிஞ்சர். 1895-இல் ‘ஹன்ட்டர்ஸ் வீக்லி’ என்ற பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரைக்கு ‘பிரஞ்ச்: ஒரு வேண்டுகோள்’ என்று தலைப்பு. வேண்டுகோள் எளிமையானது. ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே எழுந்து, மாதா கோவிலுக்குப் போய், திரும்பி வந்ததும் கறியும் பண்டங்களுமாய் வயிறு புடைக்கத் தின்னும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தாமதமாக எழுந்திருங்கள். டீ, காபி, மார்மலேடு என்று லேசாக ஆரம்பித்து மெல்ல மெல்லப் பெரிய பதார்த்தங்களுக்குப் போங்கள். காலை உணவும் லஞ்சும் ஒரே வேளையாகிவிடும். சனிக்கிழமை இரவு கூத்தடித்துவிட்டு வந்தவர்களுக்கு ஞாயிறு விடியலின் தண்டனை மிச்சமாகும். மனசு லேசாகும், பேச்சு வரும், வாரம் முழுக்கச் சேர்ந்த ஒட்டடை போகும் என்றெல்லாம் அவர் அடுக்குகிறார். ஒரு வேளை சாப்பாட்டுக்கு இவ்வளவு சிபாரிசு தேவையா என்று தோன்றும். ஆனால் கூர்ந்து பார்த்தால் அவர் கேட்பது சோறல்ல, தூக்கம். ஞாயிற்றுக்கிழமை இன்னும் இரண்டு மணி நேரம் போர்த்திக்கொண்டு படுத்திருக்க ஒரு மரியாதையான காரணம் வேண்டும். அதற்கு ஒரு பெயர் இருந்தால் வசதி.

தமிழ் எழுத்தில் இந்தச் சொல்லை எழுதுவது கொஞ்சம் ஆபத்தான வேலை. ‘பிரஞ்ச்’ என்று எழுதினால் பிரான்ஸ் நாட்டு மொழியோ என்று பாதிப் பேர் நினைப்பார்கள். நான் சொல்வது பிரேக்ஃபாஸ்ட்டின் தலையையும் லஞ்சின் வாலையும் ஒட்டிய சொல். இந்த அத்தியாயம் முழுக்க அதுதான். பிரான்ஸ்காரர்கள் வரும்போது ‘பிரெஞ்சு’ என்று எகரம் போட்டு எழுதுகிறேன். வித்தியாசம் அவ்வளவுதான், கவனித்துப் படியுங்கள்.

*

பெரிஞ்சர்தான் இந்தச் சொல்லின் தகப்பன் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்குச் சந்தேகம் உண்டு. சந்தேகத்தைக் கிளப்பியது லண்டனின் நையாண்டிப் பத்திரிகை ‘பஞ்ச்’. 1896 ஆகஸ்ட் 1 தேதியிட்ட இதழில் அது இந்தப் புது நாகரிகத்தைக் கிண்டல் செய்கிறது. பெரிஞ்சர் பெயரையும் சொல்லி, அவர் எழுதிய பத்திரிகை இதற்குள் செத்துப்போய்விட்டது என்றும் போகிற போக்கில் குத்துகிறது. அடுத்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. ஆக்ஸ்ஃபர்டில் இரண்டு வருஷம் முன்னமேயே இந்த வேளையை இரண்டாகப் பிரித்துவிட்டார்களாம். காலை உணவு நேரத்தை ஒட்டிச் சாப்பிட்டால் ‘பிரஞ்ச்’, லஞ்ச் நேரத்தை ஒட்டிச் சாப்பிட்டால் ‘பிளஞ்ச்’.

இரண்டு வருஷம் முன் என்றால் 1894. கட்டுரை வருவதற்கு முன்பே கல்லூரி விடுதிகளில் சொல் நடமாடியிருக்கிறது என்றுதானே அர்த்தம்? ‘பஞ்ச்’ நையாண்டிப் பத்திரிகை, அதை நீதிமன்ற சாட்சியாக ஏற்க முடியாது. ஆனாலும் எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது. அந்தக் காலத்து ஆக்ஸ்ஃபர்டு மாணவர்கள் சொற்களை வெட்டி ஒட்டுவதிலேயே பொழுதைப் போக்கியவர்கள். ரக்பி ஆட்டத்தை ‘ரக்கர்’ என்றார்கள், அசோசியேஷன் ஃபுட்பாலில் நடுத்துண்டை உருவி ‘சாக்கர்’ என்றார்கள், பிரேக்ஃபாஸ்ட்டை ‘பிரெக்கர்’ என்றார்கள். காலை உணவைத் தவறவிட்டு பதினொரு மணிக்கு எழுந்த விடுதி மாணவன் எந்த நாட்டிலும் உண்டு. அவன் வாயில் பிறந்த சொல்லுக்கு பெரிஞ்சர் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கிக்கொண்டார் என்றே நான் நினைக்கிறேன்.

இப்படி இரண்டு சொற்களை ஒன்றாக மடிப்பதற்கு ‘போர்ட்மான்டோ சொல்’ என்று பெயர். அந்தப் பெயரைத் தந்தவரும் ஆக்ஸ்ஃபர்டுக்காரர்தான். லூயிஸ் கரோல் 1871-இல் வெளியிட்ட ஆலிஸின் இரண்டாவது கதையில், மதில்மேல் உட்கார்ந்திருக்கும் முட்டை மனிதன் ஹம்ப்டி டம்ப்டி இந்த வித்தையை அவளுக்கு விளக்குகிறான். போர்ட்மான்டோ என்பது நடுவில் திறந்து இரண்டு பாதியாக விரியும் தோல்பெட்டி. ஒரு சொல்லுக்குள் இரண்டு அர்த்தத்தை மடித்து வைத்துப் பூட்டிவிடலாம் என்பது அவன் வாதம். கரோலின் நிஜப்பெயர் சார்லஸ் டாட்ஜ்சன். கிரைஸ்ட் சர்ச் கல்லூரியில் கணித ஆசிரியர். 1898 ஜனவரியில் இறக்கும்வரை அதே கல்லூரியில்தான் குடியிருந்தார். பக்கத்து விடுதி அறைகளில் பையன்கள் பிரஞ்சா பிளஞ்சா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, பெட்டிக்குப் பெயர் வைத்தவர் அதே ஊரில் இருந்தார்.

பிளஞ்ச் பிழைக்கவில்லை. அதற்கு மொழியியல் காரணமெல்லாம் வேண்டாம், காதே போதும். சேற்றில் கால் வைத்த சத்தம் போலிருக்கிறது.

*

ஆனால் ஒரு கேள்வி. காலை பத்து, பதினொரு மணிப் பசி 1895-இல்தான் முளைத்ததா? அதற்கு முந்திய ஆயிரம் வருஷம் இங்கிலாந்துக்காரன் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தான்?

சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அதற்கு ‘டின்னர்’ என்று பெயர்.

இன்று டின்னர் என்றால் ராத்திரிச் சாப்பாடு. இடைக்கால இங்கிலாந்தில் அது நாளின் முதல் பெரிய சாப்பாடு. பத்து, பதினொரு மணிக்கெல்லாம் பலகை போட்டுவிடுவார்கள். 1660-களில் தன் வாழ்க்கையை நாள்தோறும் எழுதிவைத்த சாமுவேல் பீப்ஸ் நடுப்பகலில் டின்னர் சாப்பிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் அது மூன்று மணி, நான்கு மணி என்று நகர்ந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நாகரிகமான வீடுகளில் ஐந்து, ஆறு. விக்டோரியா ராணி காலத்தில் ஏழு, எட்டு. முன்னூறு வருஷத்தில் ஒரு சாப்பாடு காலையிலிருந்து ராத்திரிக்கு நடந்தே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஏன் நடந்தது? முதல் காரணம் வெளிச்சம். விளக்கெண்ணெயோ மெழுகோ காசு கொடுத்து எரிக்க வேண்டிய நாளில் இருட்டிய பிறகு விருந்து வைப்பவன் பணக்காரன். ஆகவே இரவில் விருந்து வைப்பதே பணக்காரத்தனத்தின் அடையாளமாயிற்று. அவனைப் பார்த்து அடுத்தவனும் ஒரு மணி நேரம் தள்ளினான். 1807-இல் லண்டன் பால் மால் தெருவில் வாயு விளக்கு எரிந்தது. பிறகு வீடுகளுக்குள்ளும் வந்தது. இரண்டாவது காரணம் ஆபீஸ். வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் இருந்தவரை நடுப்பகலில் மாடியேறிப் போய்ச் சாப்பிடலாம். ரயிலேறி வேலைக்குப் போகிறவன் திரும்பி வந்த பிறகுதான் டின்னர்.

டின்னர் காலி செய்துவிட்டுப் போன இடத்தில் பசி அப்படியே நின்றது. அங்கே குடியேறியதுதான் லஞ்ச். கையளவு கொள்ளும் தீனி என்று 1755-இல் ஜான்சன் தன் அகராதியில் எழுதிவைத்த அந்தச் சொல் எப்படிப் பெரிய மனுஷனாயிற்று என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். லஞ்சும் ஒரு மணிக்கு நகர்ந்துவிட்டது. பழைய டின்னர் நேரம் மறுபடி காலி. பெரிஞ்சர் பெயர் வைத்தது புது வேளைக்கு அல்ல. தன் கொள்ளுப்பாட்டனின் பாட்டன் சாப்பிட்ட அதே நேரத்துக்கு, பழைய பெயர் ஊரைவிட்டுப் போய்விட்டதால், புதுப் பெயர் வைத்தார்.

இந்த ஊர்சுற்றும் புத்தி டின்னருக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. பாட்டி வீடு லத்தீன். ‘இயேயூனுஸ்’ என்றால் வெறும் வயிறு, உபவாசம். அதை முறிப்பதற்கு ‘திஸ்யேயூனாரே’ என்றொரு வினைச்சொல். அந்த ஒரே சொல் பழைய பிரெஞ்சில் இரண்டு விதமாகத் தேய்ந்தது. ஒன்று ‘தீனே’, மற்றொன்று ‘டெஜெனே’. முதலாவதிலிருந்து ஆங்கில டின்னர். ஆக, டின்னர் என்ற சொல்லுக்கும் பிரேக்ஃபாஸ்ட் என்ற சொல்லுக்கும் பொருள் ஒன்றே: உபவாசத்தை முறிப்பது. ராத்திரி எட்டு மணிக்கு டை கட்டிக்கொண்டு டின்னருக்குப் போகிறவர் சொல்லின்படி பார்த்தால் அப்போதுதான் பல் தேய்த்துவிட்டு வருகிறார்.

பாரிஸிலும் இதே கூத்து. தீனே ராத்திரிக்குப் போயிற்று. அதன் பின்னாலேயே டெஜெனே காலையிலிருந்து மத்தியானத்துக்கு வந்தது. காலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. எனவே ‘பெத்தி டெஜெனே’, குட்டி டெஜெனே என்று ஒன்றைப் புதிதாகப் பெற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. கியூபெக்கிலும் பெல்ஜியத்திலும் ஸ்விட்சர்லாந்திலும் பிரெஞ்சு பேசுகிறவர்கள் பழைய கணக்கை விடவில்லை. அங்கே டெஜெனே காலையில், தீனே மத்தியானத்தில். மான்ட்ரியல் நண்பர் டெஜெனேவுக்குக் கூப்பிட்டார் என்று பாரிஸ்காரர் மத்தியானம் போய் நின்றால் மேஜை துடைத்தாகியிருக்கும்.

நேரமே நகர்ந்த கதையும் உண்டு. ‘நூன்’ என்றால் இன்று பகல் பன்னிரண்டு. அது வந்த லத்தீன் ‘நோனா’ என்றால் ஒன்பதாவது. விடியலிலிருந்து எண்ணினால் ஒன்பதாவது மணி, கிட்டத்தட்ட நம் பிற்பகல் மூன்று. பெனடிக்ட் துறவிகளின் விதிப்படி உபவாச காலங்களில் அந்த ஒன்பதாம் மணி வரை சாப்பாடு கிடையாது. மூன்று மணிப் பிரார்த்தனை முடிந்தால்தான் இலை. மனிதன்தானே, பிரார்த்தனை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தது. பெயரும் கூடவே வந்தது. பதினான்காம் நூற்றாண்டு வாக்கில் நூன் பன்னிரண்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. வயிறு இழுத்த இழுப்புக்கு மணிக்கூண்டு வந்த கதை என்று இதைச் சொல்வார்கள். மடத்து அடுக்களைகளைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மறுக்க மாட்டார்கள்.

*

முற்பகல் வேளைக்குப் பெயர் வைத்ததில் ஆங்கிலேயன் முந்தியவனும் இல்லை. டின்னர் பாரிஸில் பின்னால் போன காலத்திலேயே பெரும்பசிக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். காலையில் ஒரு கிண்ணம் காபியும் ரொட்டியும். பத்து, பதினொரு மணிக்கு முட்டை, குளிர்ந்த இறைச்சி, சிறுநீரக வறுவல், ஒயின். ரொட்டிக்குக் கை போதும். இதற்கு முள்கரண்டி வேண்டும். எனவே அது ‘முள்கரண்டி டெஜெனே’ என்று பெயர் பெற்றது. பெயர் அப்படியே மொழிபெயர்ந்து கிழக்கே போயிற்று. வியன்னாவில் ‘காபெல்ஃப்ரூஷ்டூக்’, அதாவது முள்கரண்டிக் காலை உணவு. ஹங்கேரியில் ‘வில்லாஷ்ரெக்கெலி’, வில்லா என்றால் அவர்கள் மொழியில் முள்கரண்டி. நூறு வருஷம் கழித்துப் பிரஞ்ச் என்ற ஆங்கிலச் சொல் புடாபெஸ்ட் வந்து இறங்கியபோது ஹங்கேரியர்கள் அலமாரியைத் திறந்து இந்தப் பழைய முள்கரண்டியைத் துடைத்து வைத்தார்கள். இன்றும் அங்கே பிரஞ்சுக்கு அதுவே பெயர்.

அதே ஹங்கேரியில் பத்து மணித் தீனிக்கு ‘டீஸோராயி’ என்று தனியாக ஒரு பெயர். பொருள் ‘பத்து மணியது’. பள்ளிக்கூடப் பையில் அம்மா வைத்து அனுப்பும் ரொட்டித்துண்டு அதுதான். இவ்வளவு நேர்மையான சொல் சாப்பாட்டு அகராதியில் அரிது.

நேர்மைக்கு நேர் எதிர் சிலி. ஸ்பானிய மொழியில் ‘ஒன்சே’ என்றால் பதினொன்று. முற்பகல் பதினொரு மணிக் கொறிப்புக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். கொலம்பியாவில் இன்றும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. சிலியில் ஒன்சே சாப்பிடுவது மாலை ஐந்து, ஆறு மணிக்கு. டீ, ரொட்டி, அவகாடோ. பதினொன்று எப்படி ஐந்தாயிற்று என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். வேலை முடிந்ததும் ஒரு மடக்கு ‘அகுவார்தியெந்தே’ சாராயம் போட ஆசைப்பட்ட ஆண்கள், வீட்டுப் பெண்களுக்குத் தெரியக்கூடாதென்று அந்தப் பெயரில் எத்தனை எழுத்து என்று எண்ணினார்களாம். ஸ்பானிய எழுத்தில் சரியாகப் பதினொன்று. “வா, பதினொன்று போட்டுவிட்டு வரலாம்.” கதை அழகாக இருக்கிறது. இவ்வளவு அழகாக இருப்பதாலேயே நான் நம்பவில்லை.

ஸ்காண்டிநேவியாவில் அண்டை வீட்டாருக்குள்ளேயே ஒத்துவரவில்லை. ‘ஃப்ரோகோஸ்ட்’ என்றால் விடியல் உணவு. ஸ்வீடனிலும் நார்வேயிலும் இன்றும் அது காலை உணவு. டென்மார்க்கில் அது மத்தியானச் சாப்பாடு.

*

சொல் அட்லாண்டிக் தாண்டியது. அங்கே அதற்கு முன்பே ஆள் காத்திருந்தது.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் பிரெஞ்சு மார்க்கெட்டில் கசாப்புக்காரர்கள் பொழுது விடிவதற்கு வெகுமுன்பே கத்தியை எடுத்துவிடுவார்கள். பதினொரு மணிக்கு அவர்களுக்கு அன்றைய வேலை முடிந்துவிடும். அந்த நேரத்துக்கு அவர்கள் பசி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மார்க்கெட்டுக்கு எதிர்ப்புறத்தில் மதாம் பெகே என்று பெயர் பெற்ற ஜெர்மானியப் பெண்மணி ஒருவர், அவர்களுக்காகவே பதினொரு மணிக்கு ஒரே பந்தி வைத்தார். ‘இரண்டாவது காலை உணவு’. ஆம்லெட், ஈரல், மீன், இறைச்சி, நடுநடுவே ஒயின், கடைசியில் காபி என்று பண்டம் மாறி மாறி மணிக்கணக்கில் நீளும் பந்தி. 1884-இல் அந்த ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சிக்கு வந்த வெளியூர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக இதைக் கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நாளில் கசாப்புக்காரர்கள் உட்கார்ந்த பெஞ்சில் சுற்றுலாப் பயணிகள். லண்டனில் பெரிஞ்சர் பேனாவைத் தொடுவதற்குப் பத்து வருஷம் முன் இது. பிரஞ்ச் சோம்பேறிகளின் சாப்பாடு என்று ஏசுகிறவர்களிடம் நான் இந்தக் கசாப்புக்காரர்களைக் காட்டுவது வழக்கம். இரவெல்லாம் விழித்து வேலை பார்த்தவனுக்குப் பதினொரு மணிதான் சாயங்காலம்.

நியூயார்க்கில் இதே காரணம் வேறொரு தொழிலில் இருந்தது. ‘சன்’ நாளிதழில் 1906 முதல் 1919 வரை நிருபராக இருந்த ஃபிராங்க் வார்ட் ஓமாலிதான் இந்தச் சொல்லை உண்டாக்கினார் என்று அமெரிக்காவில் ஒரு பேச்சு உண்டு. 1895-இலேயே அச்சில் வந்த சொல்லை அவர் எப்படி உண்டாக்கியிருக்க முடியும்? பேச்சு பொய், ஆனால் அர்த்தமில்லாத பொய் இல்லை. காலைப் பதிப்புக்கு வேலை பார்க்கும் பத்திரிகைக்காரன் விடியும்போது படுத்துப் பதினொன்றுக்கு எழுகிறவன். இந்தச் சொல் யாருக்குத் தேவைப்பட்டதோ அவன் தலையில் ஊர் பெருமையைக் கட்டியிருக்கிறது.

பகட்டு வந்து ஒட்டிக்கொண்டது சிகாகோவில். ஹாலிவுட்டிலிருந்து நியூயார்க் போக நேர் ரயில் கிடையாது. அந்நாளில் லாஸ் ஏஞ்சலஸில் ஏறியவர்கள் சிகாகோவில் இறங்கி, வேறு ஸ்டேஷனுக்குப் போய், அடுத்த ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. நடுவில் சில மணி நேரம். நட்சத்திரங்கள் அந்த நேரத்தை நல்ல ஹோட்டல்களில் கழித்தார்கள். 1938-இல் அம்பாஸடர் ஈஸ்ட் ஹோட்டலில் திறந்த ‘பம்ப் ரூம்’ அவர்களுக்கென்றே ஒரு மேஜையை ஒதுக்கி வைத்தது. புகைப்படக்காரர்களும் கிசுகிசு எழுதுகிறவர்களும் அங்கேயே பழி கிடந்தார்கள். ரயில் மாறும் அலுப்பில் தின்ற சாப்பாடு மறுநாள் பத்திரிகையில் நாகரிகமாக வந்தது.

மதம் செய்த உதவி ஒன்றும் உண்டு. கத்தோலிக்கர்கள் திவ்விய நன்மை வாங்குவதென்றால் முந்தின நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்ற விதி இருந்தது. போப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1953-இலும் 1957-இலும் அதைத் தளர்த்தும்வரை, ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்புகிறவர்களின் முதல் சாப்பாடே தாமதமான சாப்பாடுதான். பெரிஞ்சர் மாதா கோவிலுக்குப் போகாதவர்களுக்காக வாதாடினார். ஆனால் போனவர்களும் அவர் சொன்ன பந்தியில் வந்து உட்கார்ந்தார்கள்.

சட்டம் கடைசியாக வந்தது. ஞாயிறு காலையில் மது ஊற்றக்கூடாது என்ற பழைய கட்டுப்பாடு நியூயார்க் மாநிலத்தில் வெகுகாலம் இருந்தது. பிரஞ்சோடு ஷாம்பேனும் ஆரஞ்சுச் சாறும் கலந்து குடிக்கப் பழகியவர்கள் பன்னிரண்டு அடிக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். 2016-இல் அதைப் பத்து மணிக்கு முன்னே நகர்த்திச் சட்டம் வந்தது. ஊரார் அதற்கு வைத்த பெயர் ‘பிரஞ்ச் மசோதா’. விடுதிப் பையன்களின் கிண்டல்சொல் சட்டசபைவரை போய்விட்டது.

*

இனி இது போன இடமெல்லாம் என்ன உடை போட்டுக்கொண்டது என்று பார்க்கலாம்.

ஜெர்மானியர்கள் பெயர்ச்சொல்லோடு நிற்கவில்லை. ‘பிரஞ்சென்’ என்று வினையாக்கி, இறந்தகாலத்துக்குத் தங்கள் இலக்கணப்படி முன்னால் ‘கெ’ ஒட்டி ‘கெபிரஞ்ச்ட்’ என்று முறையாகத் திரித்துவிட்டார்கள். நாம் ‘பஸ்ஸில் போனேன்’ என்போம். அவர்கள் விட்டால் ‘பஸ்ஸினேன்’ என்பார்கள். பிரெஞ்சுக்காரர்களும் ‘ப்ரன்ஷே’ என்று வினையாக்கிக்கொண்டார்கள். ஆங்கிலச் சொல் ஒன்று உள்ளே நுழைந்தால் கைவசம் துடைப்பத்தோடு நிற்கும் நாடு இதை மட்டும் வாசலில் வரவேற்றது. ஃபின்லாந்தில் அது ‘புருன்ஸி’.

ஜப்பானியத்தில் ‘புரான்ச்சி’. வங்கியின் கிளைக்கும், அதாவது பிராஞ்சுக்கும், அங்கே அதே எழுத்து, அதே ஒலி. பிரெஞ்சு-பிரஞ்ச் சிக்கலில் தவிக்கும் தமிழனுக்கு இதைக் கேட்டால் ஆறுதல்.

சீனர்கள் வழக்கம்போல ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்தார்கள்: ‘காலை’க்கு ஓர் எழுத்து, ‘நண்பகலு’க்கு ஓர் எழுத்து, ‘உணவு’க்கு ஓர் எழுத்து. மூன்றையும் வரிசையாக வைத்ததும் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. கொரியர்கள் இரண்டு வழியையும் பிடித்தார்கள். ஓட்டலுக்குப் போனால் ‘பிரொன்ச்சி’. வீட்டில் தாமதமாக எழுந்து முந்தின நாள் சோற்றைக் கிளறித் தின்றால் ‘ஆஜொம்’. காலைச் சாப்பாட்டுக்கான ‘ஆச்சிம்’, மதியச் சாப்பாட்டுக்கான ‘ஜொம்ஷிம்’. இரண்டின் தலையையும் வெட்டி ஒட்டிய சொல். அசல் பெட்டியை இறக்குமதி செய்யாமல் பெட்டி செய்யும் வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஐஸ்லாந்து இன்னொரு வகை. புதுச் சொல் எது வந்தாலும் பழைய ஏடுகளைப் புரட்டி இணைச்சொல் தேடுவது அவர்கள் பிடிவாதம். பழைய நார்ஸ் மொழியில் முற்பகலில் உண்ணும் நாளின் முதல் பெரிய உணவுக்கு ஒரு பெயர் இருந்தது. ‘தோகுர்துர்’, பகலுணவு. வழக்கொழிந்து கிடந்த அதை எழுப்பிப் பிரஞ்சின் இடத்தில் உட்கார வைத்தார்கள். பெரிஞ்சர் வேண்டியது எங்கள் பாட்டன் ஏற்கெனவே சாப்பிட்டதுதான் என்று அகராதியைத் திறந்து காட்டியது ஐஸ்லாந்து.

அப்படிப் பார்த்தால் தஞ்சாவூரும் காட்டலாம். என் பாட்டி வீட்டில் காலை உணவு என்று ஒன்று இல்லவே இல்லை. எழுந்ததும் காபி. பத்தே காலுக்கு இலை போட்டால் சாம்பார், ரசம், மோர் என்று முழுச் சாப்பாடு. மூன்று மணிக்கு டிபன்: உப்புமாவோ அடையோ. ராத்திரி மறுபடி ரசம் சோறு. ஆபீஸ் போகிற சித்தப்பாவுக்கு மட்டும் அந்தப் பத்தேகால் இலை ஒன்பதுக்கு முன்னால் வரும். மூன்று மணி டிபன் தூக்குப் பாத்திரத்தில் அவரோடு போகும். வயலில் நிற்பவருக்கு அதே பத்தேகால் நேரத்தில் வரப்புக்குக் கஞ்சிக் கலயம் வந்துவிடும். பிரஞ்ச் நேரத்தில் சாப்பிட்டவர்கள்தான் நாம். பெயர் வைக்கத் தோன்றவில்லை, ‘சாப்பாடு’ என்றால் போதுமாயிருந்தது.

இப்போதும் இந்தச் சொல் நம்மிடம் ஒட்டாமல் வழுக்குவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் வேளைக்குப் பெயர். நமக்குப் பண்டத்துக்குப் பெயர். சோறு விழுந்தால் சாப்பாடு, அது காலை பத்து மணியானாலும் சரி. இட்லி தோசை என்றால் டிபன், அது ராத்திரி பத்து மணியானாலும் சரி. “டிபன் ஆச்சா, சாப்பாடா?” என்று கேட்கிறவர் மணியைக் கேட்கவில்லை. பெரிய ஹோட்டல்கள் ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச் என்று விளம்பரம் போட்டு, ஒரு பக்கம் தோசைக்கல்லும் மறுபக்கம் பிரியாணி அண்டாவும் வைக்கின்றன. போனவர்களைக் கேட்டால் டிபனும் சாப்பாடும் சேர்த்துச் சாப்பிட்டோம் என்கிறார்கள். அந்த டிபனே நகர்ந்து வந்த ஆள்தான். 1785-இல் ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த லண்டன் கொச்சைச்சொல் அகராதியில் வேளை தவறித் தின்பதற்கும் குடிப்பதற்கும் ‘டிஃபிங்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அது கப்பலேறி மதராஸ் வந்து இட்லியில் இறங்கிய கதை அடுத்த வாரம்.

அதற்குள் துபாயைச் சொல்லிவிடுகிறேன், அங்கே பிரஞ்ச் மறுபடி கால் முளைத்து நடக்க ஆரம்பித்துவிட்டது. வெள்ளிக்கிழமை விடுமுறையாக இருந்தவரை ‘வெள்ளிக்கிழமை பிரஞ்ச்’ அந்த ஊரின் திருவிழா. 2022 ஜனவரியில் விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியதும் அது பெரும்பாலும் சனிக்கிழமைக்குப் போய்விட்டது. கிழமை போனால் போகட்டும், நேரத்தைப் பாருங்கள்: பன்னிரண்டரை, ஒரு மணிக்கு ஆரம்பித்து நான்கு மணி வரை. காலை என்பதற்கு அதில் ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை.

என் அண்ணன் மகன் அங்கே வேலையில் இருக்கிறான். போன மாதம் சனிக்கிழமை நாலரை மணிக்கு வீடியோவில் கூப்பிட்டு, இப்போதுதான் பிரஞ்ச் முடித்தோம் பாட்டி என்றான். எண்பத்து நான்கு வயது அம்மா, பத்தே காலுக்கு இலை போட்ட வீட்டில் வளர்ந்தவள், போனை என்னிடம் நீட்டிவிட்டுக் கேட்டாள்: “ஒரு மணிக்கு உட்கார்ந்தா அது சாப்பாடு. நாலு மணிக்கு எழுந்தா அது டிபன். நடுவுல இவன் என்னடா பேர் சொல்றான்?”